கம்பெனிச் சரக்கா, மலிவுச் சரக்கா? மசாலா அலமாரிக்கு ஒரு கணக்கு

"அண்ணாச்சி, இந்தப் பெருங்காயம் நூறு ரூபாய்ங்கிறீங்க, அது அறுபது ரூபாய்ங்கிறீங்க. அப்படி என்னதான் இருக்கு இதிலே?"

இந்தக் கேள்வி வராத மளிகைக் கடை இல்லை. நம்மில் பலர் சொல்லும் பதில் இரண்டுதான். ஒன்று, "கம்பெனிச் சரக்கும்மா, விலை அப்படித்தான் இருக்கும்" என்பது. மற்றொன்று, எந்தப் பாக்கெட்டில் நமக்கு நாலு காசு கூடுதலாக நிற்குமோ அதை எடுத்து நீட்டி, "ரெண்டும் ஒண்ணுதான், இதையே கொண்டு போங்க" என்பது. முதல் பதிலில் விஷயமே இல்லை. இரண்டாவது பதில் சில சரக்குகளில் உண்மை, சில சரக்குகளில் பொய். எதில் உண்மை, எதில் பொய் என்று தெரிந்து சொல்லுகிற கடைக்காரரிடம் வாடிக்கையாளர் திரும்பவும் வருவார். குளிர்சாதனம் போட்ட பெரிய அங்காடியில் இருபது வகைப் பாக்கெட் அடுக்கி வைத்திருப்பார்கள். ஆனால் இந்தக் கேள்விக்கு அங்கே பதில் சொல்ல ஆள் இருக்காது. ஆகவே இதை ஒரு பாடமாகவே எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

கூடுதல் விலை எதற்குப் போகிறது என்பது சரக்குக்குச் சரக்கு மாறும். சிலவற்றில் உள்ளே இருக்கும் பொருளுக்குப் போகிறது. சிலவற்றில் விளம்பரத்துக்கும் உறைக்கும் போகிறது. வேறு சிலவற்றில், "இந்தச் சரக்குக்கு நான் பொறுப்பு" என்று ஒருவர் எழுத்தில் நிற்பதற்குப் போகிறது. வீட்டுக்கு வாங்குபவர் முதல் இரண்டையும் பார்த்தால் போதும். கடைக்காரர் மூன்றாவதையும் பார்த்தாக வேண்டும்.

பெருங்காயத்தில் என்ன இருக்கிறது?

பெருங்காயத்திலிருந்தே தொடங்குவோம். விலை வித்தியாசம் இவ்வளவு பெரிதாக உள்ள சரக்கு நம் அலமாரியில் குறைவு. பெருங்காயம் என்பது ஈரான், ஆப்கானிஸ்தான், உஸ்பெகிஸ்தான் பக்கத்து வறண்ட மலைநிலத்தில் வளரும் ஒரு செடியின் வேரைக் கீறி எடுக்கும் பால். உறைந்து பிசினாகி நமக்கு வருகிறது. இந்தியாவில் இதைப் பயிரிடும் முயற்சியே 2020 அக்டோபரில்தான் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் முதல் நாற்று நட்டுத் தொடங்கியது. செடி பலன் தர ஐந்தாண்டுக்குக் குறையாது. எனவே நாம் விற்கும் பெருங்காயத்தின் உயிர்ச்சரக்கு இறக்குமதிதான். விலையும் அதற்கேற்பத்தான் இருக்கும்.

அந்தப் பிசினை அப்படியே சமையலில் போட முடியாது, நெடி தாங்காது. கோதுமை மாவு அல்லது அரிசி மாவு, கருவேல வகைப் பிசின் சேர்த்துப் பிசைந்து விற்கிறார்கள். நாம் பெருங்காயம் என்று விற்பதில் ஏறக்குறைய எல்லாமே இந்தக் கூட்டுப் பெருங்காயம்தான், கம்பெனிச் சரக்கும் அப்படியே. மாவு கலந்திருக்கிறது என்பதாலேயே அதைக் கலப்படம் என்று சொல்லக் கூடாது. சட்டமே அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் சட்டம் ஒரு கீழ்வரம்பும் வைத்திருக்கிறது. சாராயத்தில் கரையும் சத்து, அதாவது பெருங்காயத்தின் பிசின் பகுதி, கூட்டுப் பெருங்காயத்தில் 5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. கலக்காத பெருங்காயத்தில் 12 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. வேறு பிசின், தார்ச் சாயம் எதுவும் சேர்க்கக் கூடாது.

வித்தியாசம் இங்கேதான். 5 சதவீதத்தைத் தொட்டு நிற்கும் சரக்கும் சட்டப்படி சரியான சரக்கே; அதைவிட இரட்டிப்பாக உள்ள சரக்கும் சரியான சரக்கே. இரண்டும் ஒரே பெயரில், ஒரே எடையில், பக்கத்துப் பக்கத்தில் தொங்கும். உறையில் ஒரு கிராம் என்ன விலை என்று அச்சிட வேண்டும் என்பது இப்போதைய விதி. அது எடைக்கு விலை சொல்லும், காரத்துக்கு விலை சொல்லாது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 கிராம் ஒன்று 100 ரூபாய், மற்றொன்று 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிட்டிகை கால் கிராம் என்றால் 50 கிராமில் 200 சிட்டிகை. முதலாவதில் சிட்டிகை 50 காசு, இரண்டாவதில் 30 காசு. மலிவுச் சரக்கில் ஒரு சிட்டிகைக்குப் பதில் இரண்டு போட்டால்தான் சாம்பார் மணக்கிறது என்றால் 60 காசு ஆகிவிடுகிறது. அப்போது மலிவு என்று வாங்கியவர் 10 காசு கூடுதலாகத் தந்து, மாவையும் சேர்த்துக் குழம்பில் போட்டிருக்கிறார். ஒரே சிட்டிகையில் இரண்டும் மணந்தால் மலிவுச் சரக்கே நல்ல சரக்கு. இந்தக் கணக்கை வாடிக்கையாளரிடம் சொல்லிப் பாருங்கள். பேரம் பேசுவதை விட்டு யோசிக்கத் தொடங்குவார்.

மணம் எது கூடுதல் என்று கடையிலேயே பார்த்துக்கொள்ளலாம். இரண்டு டம்ளரில் ஒரே அளவு வெந்நீர் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரே அளவு தூளைப் போட்டுக் கலக்கி, ஐந்து நிமிடம் மூடி வைத்து முகர்ந்தால் போதும். டம்ளருக்கு அடியில் மண் போலப் படிந்தால் அந்தச் சரக்கே வேண்டாம். ஒரு எச்சரிக்கை. நல்ல பெருங்காயம் கற்பூரம் போல எரியும், அயோடின் விட்டால் நீலமாகாது என்று சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அதெல்லாம் கலக்காத பால் பெருங்காயத்துக்கு. கூட்டுப் பெருங்காயத்தில் மாவு இருப்பதால் அயோடினுக்கு நீலமாகத்தான் ஆகும், எரியவும் எரியாது. இந்தச் சோதனையைச் செய்துவிட்டு நல்ல சரக்கைக் குப்பையில் போட வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெருங்காயத்தின் மணம் ஆவியாகிப் போகும் எண்ணெயில் இருக்கிறது. எட்டு மாதம் வெயிலில் தொங்கிய கம்பெனிச் சரக்கைவிட, போன வாரம் வந்த சிறு தயாரிப்பாளரின் சரக்கு மேல். தயாரித்த தேதியைப் பார்த்து அடுக்குங்கள். டீத்தூள் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள், டீத்தூளும் போய்விடும்.

பெயருக்குக் காசு கொடுக்க வேண்டாதவை

உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அயோடின் சேர்த்த உப்புத்தான் சாப்பாட்டுக்கு விற்கலாம் என்பது 2006 மே மாதம் முதல் நாடு முழுவதற்கும் சட்டம். கடை அளவில் பத்து லட்சத்தில் 15 பங்கு அயோடின் இருக்க வேண்டும் என்பது எல்லா உப்புக்கும் பொது. பெரிய பெயருள்ள உப்பு கட்டிபடாமல் உதிரியாக இருக்கும், பார்க்க வெள்ளையாக இருக்கும். அதற்கு மேல் கொடுக்கும் காசு பெயருக்கே. தூத்துக்குடிச் சரக்கோ, வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்புக் கழகம் எடுக்கும் சரக்கோ, அயோடின் அளவும் உரிம எண்ணும் சரியாக இருந்தால் தைரியமாகச் சொல்லி விற்கலாம். ஈரத்தரையில் மூட்டையைப் போட்டு வைத்தால் அயோடின் குறையும். அது நம் தவறாகிவிடும்.

கடுகு, சீரகம், வெந்தயம், மிளகு, கொத்தமல்லி போன்ற முழுச் சரக்கில் கம்பெனி செய்வது சலித்துப் புடைத்துப் பாக்கெட் போடுவதே. கண்ணால் பார்த்து, கையால் தேய்த்து, பல்லில் கடித்துப் பார்க்கக்கூடிய சரக்கு இது. மிளகில் பப்பாளி விதை இருக்கிறதா என்று ஒரு டம்ளர் தண்ணீர் சொல்லிவிடும். பப்பாளி விதை மிதக்கும். கடுகில் பிரமதண்டு விதை கலந்திருந்தால் அது சொரசொரப்பாக இருக்கும், நசுக்கினால் உள்ளே வெள்ளையாக இருக்கும். கடுகு வழவழப்பாக, உள்ளே மஞ்சளாக இருக்கும். இதை அலட்சியம் செய்ய வேண்டாம். 1998-இல் டெல்லியில் கடுகு எண்ணெயில் இந்தப் பிரமதண்டு எண்ணெய் கலந்து அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பார்த்து வாங்கத் தெரிந்த மளிகைக்காரர் முழுச் சரக்கில் எந்தக் கம்பெனிக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை. இலாபமும் இதில்தான் நிற்கும்.

சாஸ், வினிகர்: பெயரைப் படியுங்கள்

பையன்கள் கேட்கிறார்கள் என்று சாஸ் பாட்டில் இப்போது கிராமக் கடைக்கும் வந்துவிட்டது. "தக்காளி சாஸ்", "தக்காளி கெச்சப்" என்று எழுதிய பாட்டிலில் உப்பு நீங்கலாகக் கரையும் திடப்பொருள் 25 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. மற்ற காய்கறி சாஸ்களுக்கு 15 சதவீதம் போதும். அதனால்தான் பாதி விலைக்கு வரும் சிவப்பு சாஸ் பாட்டிலில் "தக்காளி" என்ற சொல்லைத் தேடினாலும் கிடைக்காது. வேறு ஏதாவது பெயர் இருக்கும். அந்த 25 சதவீதமும் முழுக்கத் தக்காளி அல்ல, சர்க்கரையும் அதில் சேர்த்தி. பின்பக்கம் உள்ள சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். எடையில் எது அதிகமோ அது முதலில் வர வேண்டும். தக்காளி முதலில் வருகிறதா, தண்ணீருக்கும் சர்க்கரைக்கும் பின்னால் வருகிறதா என்று பார்த்தால் விலை வித்தியாசத்தின் காரணம் அங்கேயே எழுதியிருக்கும்.

வினிகரிலும் இப்படியே. பழச்சாறோ தானியமோ புளிக்க வைத்து எடுப்பது ஒன்று. அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்து செய்வது மற்றொன்று. இரண்டிலும் அமிலம் 3.75 சதவீதமாவது இருக்க வேண்டும். செயற்கை வினிகரில் அது செயற்கை என்று எழுதியே ஆக வேண்டும். ஊறுகாய் போடுபவருக்குச் செயற்கை வினிகர் போதும். சாலட்டில் ஊற்றிச் சாப்பிடுபவருக்கு மணம் வேண்டும். யாருக்கு எது என்று கேட்டுக் கொடுப்பதே வியாபாரம்.

தூள் வகையில்தான் ஆபத்து

மிளகாய்த் தூள், மஞ்சள் தூள், மல்லித் தூள், குழம்பு மசாலா. இங்கே வரும்போது மேலே சொன்ன கணக்கெல்லாம் மாறிவிடுகிறது. அரைத்த பிறகு கண்ணும் கையும் பயன்படாது. மிளகாய்த் தூளைத் தண்ணீரில் தூவிப் பார்த்தால் செங்கல் பொடி அடியில் படியும், தண்ணீரில் கரையும் சாயம் கோடு போட்டு இறங்கும். ஆனால் சூடான் என்னும் சாயம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். எண்ணெயில் போட்டுப் பார்க்கலாமே என்றால், மிளகாயின் சொந்தச் சிவப்பும் எண்ணெயில் இறங்கும். ஆகவே அதைக் கடையில் கண்டுபிடிக்க வழியில்லை. ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும்.

அப்படியானால் பெரிய பெயர் இருந்தால் கவலையில்லையா? அதுவும் இல்லை. 2005 பிப்ரவரியில் பிரிட்டனில் நூற்றாண்டுப் பழமையுள்ள பெயரில் விற்ற ஒரு வொர்செஸ்டர் சாஸில் சூடான் சாயம் இருப்பது தெரியவந்தது. அந்த சாஸைச் சேர்த்துச் செய்த 400-க்கும் மேற்பட்ட உணவுப் பண்டங்களைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். காரணம், 2002-இல் இந்தியாவிலிருந்து போன மிளகாய்த் தூள். 2024 ஏப்ரலில் ஹாங்காங் அரசு நம் நாட்டின் இரண்டு பெரிய நிறுவனங்களின் நான்கு வகை மசாலாவில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாகக் கூறி விற்பனையை நிறுத்தச் சொன்னது. அந்த நான்கில் ஒன்று மெட்ராஸ் கறிப் பவுடர், ஒன்று சாம்பார் மசாலா. பிறகு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இங்கே அவர்களுடைய சரக்கில் மாதிரி எடுத்துப் பார்த்ததில் அந்த வேதிப்பொருள் இல்லை என்று செய்தி வந்தது. பெயர் மட்டும் சரக்கைக் காப்பாற்றுவதில்லை என்பதற்கே இதைச் சொல்கிறோம்.

ஆனால் இந்த இரண்டு சம்பவத்திலும் ஒன்றைக் கவனியுங்கள். எந்தப் பாக்கெட், எந்த ஆலை என்று விரல் நீட்டிச் சொல்ல முடிந்தது. கடைக்காரர் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார். பதில் சொல்லும் பொறுப்பு தயாரித்தவர் மேல் நின்றது. தூளில் நாம் கூடுதலாகக் கொடுக்கும் காசு இதற்குத்தான்.

உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006, பிரிவு 27 விற்பனையாளர் எப்போது பொறுப்பாவார் என்று எழுதி வைத்திருக்கிறது. காலாவதியான பிறகு விற்றால், சுகாதாரக் கேடாக வைத்திருந்து விற்றால், லேபிள் தவறான சரக்கை விற்றால், பாதுகாப்பற்றது என்று தெரிந்தே வாங்கி விற்றால் பொறுப்பு. இன்னொன்றும் உண்டு. தயாரித்தவர் யார், தந்தவர் யார் என்று காட்ட முடியாத சரக்கை விற்றாலும் பொறுப்பு. இந்தக் கடைசி வரிதான் நம்மில் பலருடைய கழுத்துக்குக் கயிறு. தரக்குறைவு என்றால் 5 லட்சம் ரூபாய் வரை, லேபிள் தவறு என்றால் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம். பாதுகாப்பற்றது என்று முடிவானால் சிறையும் உண்டு.

அதே சட்டம் நமக்கு ஒரு கேடயமும் தந்திருக்கிறது. பிரிவு 26-இன்படி, நமக்குச் சரக்குத் தருபவர் தரத்துக்கு எழுத்தில் உத்தரவாதம் தர வேண்டும். தனியாக எழுதித் தராவிட்டாலும், அவர் தரும் பில்லே உத்தரவாதமாகக் கருதப்படும். துண்டுச் சீட்டில் "மி. தூள் 10 கி." என்று எழுதித் தருவது பில் ஆகாது. பெயர், முகவரி, சரக்கு, பேட்ச் எண், அளவு இருக்க வேண்டும். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் 2022 ஜனவரி 1 முதல் பில்லில் கட்டாயம். கிலோவுக்கு 20 ரூபாய் குறைத்துத் தருகிறேன், பில் கேட்காதே என்று சைக்கிளிலோ மினி வேனிலோ வருபவர், அந்த 20 ரூபாய்க்கு நம்மிடமிருந்து எதை வாங்கிக்கொண்டு போகிறார் என்று யோசித்துப் பாருங்கள். வரியினால்தான் கம்பெனிச் சரக்கு விலை கூடுகிறது என்ற சாக்கும் இங்கே நிற்காது. மசாலா வகைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

தூளைத் திறந்த டப்பாவில் வைத்து லூஸில் நிறுத்துக் கொடுப்பதும் விதிப்படி கூடாது. பாக்கெட்டாகவே விற்க வேண்டும். அதிகாரி மாதிரி எடுக்க வந்தால் பதற வேண்டாம். மாதிரிக்கு அவர் விலை கொடுக்க வேண்டும். நான்கு பாகமாகப் பிரித்து சீல் வைக்க வேண்டும். ஒரு பாகத்தை அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்துக்கு நம் செலவில் அனுப்பச் சொல்லிக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அந்த இடத்திலேயே கொள்முதல் பில்லைக் காட்டி, யாரிடம் வாங்கினோம் என்பதை எழுதிக்கொள்ளச் செய்யுங்கள். அப்படிச் சொன்னால் அவருக்கும் நோட்டீஸ் போகும்.

உள்ளூர்த் தயாரிப்பாளரைத் தள்ள வேண்டாம்

இதையெல்லாம் படித்துவிட்டு உள்ளூர்ச் சரக்கே வேண்டாம் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. இன்றைக்கு ஈரோட்டின் பெயரைச் சொல்லும் சக்தி மசாலா 1970-களில் மஞ்சள் வியாபாரத்திலிருந்து சிறிதாகத் தொடங்கியது. ஆச்சி மசாலா 1995-இல் வந்தது. அன்றைக்கு அவற்றை வாங்கி அலமாரியில் வைத்து, "இதைப் போட்டுப் பாருங்கம்மா" என்று சொன்னவர்கள் நம்மைப் போன்ற கடைக்காரர்கள்தான். இன்றைக்குப் பக்கத்து ஊரில் மெஷின் வைத்து, ராமநாதபுரம் முண்டு வத்தலையோ ஈரோட்டு மஞ்சளையோ நேரில் வாங்கி அரைக்கும் ஒருவர் தரமாகவே செய்யக்கூடும். அவரிடம் உரிமம் இருக்கிறதா, பில் தருகிறாரா, பாக்கெட்டில் பேட்ச் எண்ணும் தேதியும் போடுகிறாரா, வருடத்துக்கு ஒருமுறையாவது ஆய்வுக்கூட அறிக்கை எடுக்கிறாரா என்று கேளுங்கள். ஒருமுறை அவர் அரைக்கும் இடத்தையும் போய்ப் பார்த்துவிடுங்கள். மூட்டைக்குள் என்ன வத்தல் இருக்கிறது, காம்பு கிள்ளியிருக்கிறதா, பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்க மளிகைக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான்குக்கும் சரியான பதில் வந்தால் அவருடைய மலிவு விலை உண்மையான மலிவு. விளம்பரச் செலவு இல்லாததால் வந்த மலிவு.

இனி இலாபக் கணக்கு. கம்பெனிச் சரக்கில் மார்ஜின் இல்லை என்பது நம் பழைய புலம்பல். ஆயிரம் ரூபாய் போட்டால் 8 சதவீதம் நிற்கிறது, பத்து நாளில் விற்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு மூன்று சுற்று, 240 ரூபாய். மலிவுச் சரக்கில் 20 சதவீதம், ஆனால் விற்க நாற்பது நாள் என்றால் மாதத்துக்கு முக்கால் சுற்று, 150 ரூபாய்தான். அதே மலிவுச் சரக்கு இருபது நாளில் போனால் ஒன்றரைச் சுற்று, 300 ரூபாய். எண்கள் உதாரணத்துக்கு. உங்கள் கடையில் எத்தனை நாளில் போகிறது என்பதை உங்கள் சிட்டைதான் சொல்லும். ஏஜென்சிக்காரர் காலாவதிச் சரக்கை மாற்றித் தருகிறாரா என்பதையும் இதில் சேர்க்க வேண்டும். மாற்றித் தராத சரக்கில் பத்துப் பாக்கெட் தங்கினால் 20 சதவீதம் எங்கே போனது என்று தெரியாது.

ஒவ்வொரு தூளிலும் ஆறு வகை அடுக்க வேண்டியதில்லை. நன்றாக ஓடும் கம்பெனி ஒன்று, பார்த்து நம்பி எடுத்த உள்ளூர்ச் சரக்கு ஒன்று போதும். கூடவே முழு வத்தலும் மல்லியும் மஞ்சள் கிழங்கும் நல்ல சரக்காக வைத்திருங்கள். வீட்டில் காயவைத்து மெஷினில் கொடுத்து அரைக்கும் குடும்பங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. தூளின் தலைவலி எதுவும் அந்த வியாபாரத்தில் நமக்குக் கிடையாது.

ஹோட்டல்காரர் கதை தனி. அவர் கிலோ விலைதான் கேட்பார், சிவப்பு நிறமும் கேட்பார். "இன்னும் கொஞ்சம் கலரா வேணும்" என்று கேட்டால், காஷ்மீர் வத்தல் சேர்த்து அரைத்த தூளைக் காட்டி, அதற்குரிய விலையைச் சொல்லுங்கள். அந்த விலைக்கு வேண்டாம் என்றால் அந்த ஆர்டரை விட்டுவிடலாம். எடுத்துக்கொண்டால் பேட்ச் எண் போட்ட பில்லை அவரிடம் கொடுத்து, நகலை நம் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அவர் கடையில் மாதிரி எடுத்தால் அவர் நம் பெயரைத்தான் சொல்வார். நாம் சொல்ல நம் கையில் ஒரு பெயர் இருக்க வேண்டும்.